எபிரேயச் சொற்களுக்கு யூத உரையாசிரியர்கள் எப்படிப் பொருள் முடிவு செய்கிறார்கள்?

வணக்கம், எபிரேயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். வேதாகமத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரும் சொல்லுக்கு எதை வைத்துப் பொருள் சொல்கிறார்கள்? ஏசாயா 14:23-இல் நாம் ‘துடைப்பம்’ என்று படிக்கும் சொல்லுக்குப் பொருள் புரியாமல் இருந்த ரபிகளுக்கு (யூத மத ஆசான்கள்), அவர்கள் தலைவரான யூதா ஹநாசி வீட்டுப் பணிப்பெண் தன் தோழியிடம் “துடைப்பத்தை எடுத்து வீட்டைப் பெருக்கு” என்று சொன்னதைக் கேட்ட பிறகுதான் விளங்கியதாம், ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் நூலே சொல்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

சரி, பேச்சுவழக்கு ஒரு வழி. பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி (1040–1105), சொல் வேறு இடத்திலும் வந்தால் அந்த வசனங்களையும், தோராவுக்கு (வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்கள்) ஓங்கெலோஸ் செய்ததாகச் சொல்லப்படும் பழைய அரமேய மொழிபெயர்ப்பையும் பார்க்கிறார், சில இடங்களில் பழைய பிரெஞ்சுச் சொல்லையே எபிரேய எழுத்தில் எழுதிவிடுகிறார். ஸ்பெயினில் பிறந்த உரையாசிரியர் இப்னு எஸ்ராவோ இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு அரபியோடும் ஒப்பிடுகிறார்.

இவர்கள் முரண்படும்போது யார் சொல்வதை எடுப்பது? அதற்கு ஏதாவது முறை உண்டா, இல்லை படிப்பவர் பாடா? ஆரம்பநிலைக்கு ஏற்ற நூல் ஏதும் தெரிந்தாலும் சொல்லுங்கள், ஆங்கிலமானாலும் பரவாயில்லை.