மாமனாருக்குப் புற்றுநோய்: அவரிடம் சொல்வதா, வேண்டாமா?

வாலாஜா மருமகள்:
என் மாமனாருக்கு 71 வயது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். மூன்று மாதமாக வயிற்று வலி, சாப்பாடு இறங்கவில்லை. கண் மஞ்சளானதும் காமாலை என்று மூலிகைச் சாறு குடித்துப் பார்த்தார். அப்புறம்தான் வேலூருக்கு அழைத்துப் போனோம். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷன் செய்ய முடியாது என்று எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவரிடம் "கணையத்தில் புண்" என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

அவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே படிக்க வரும். அதனால் என் கணவர் ரிப்போர்ட்டுகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆஸ்பத்திரி ஃபைலுக்குப் பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுகிற பழுப்பு அட்டை போட்டுவிட்டார், வார்டு பெயர் தெரியாமல் இருக்க. நேற்று மாமனார் அதைத் தடவிப் பார்த்து, "என்னம்மா, லேபிள் ஒட்டலையா?" என்று சிரித்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனார் "அப்பாகிட்ட மறைக்க நீங்க யாரு?" என்று தினமும் போனில் சண்டை. நாத்தனார்கள் "சொன்னா அன்னைக்கே போயிடுவாரு" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

காட்பாடி கருணா:
சொல்லாதீர்கள் அக்கா. எங்கள் நைனாவுக்கு நுரையீரலில் வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். ரவுண்ட்ஸ் வந்த சின்ன டாக்டர் கட்டில் ஓரம் நின்றபடியே "ஆறு மாசம் இருக்கலாம்" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மதியம் தயிர் சாதத்தைக் கையால் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். பத்தொன்பதாம் நாள் எடுத்தோம். நோய் அவ்வளவு வேகமாக ஓடவில்லை, அந்த வார்த்தைதான் ஓடியது.

உங்கள் கொழுந்தனார் அந்த ஊர் நியாயம் பேசுகிறார். அங்கே இன்சூரன்ஸும் அவனுடையது, கையெழுத்தும் அவனுடையது, தனியாகப் படுத்திருக்கிறவனும் அவன்தான். இங்கே நகையை வைத்து பில் கட்டுவது நாம், ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பது நாம்.

பாலாற்று மணல்:
பில் கட்டினால் உடம்பும் நம்முடையதாகிவிடுமா கருணா?

எட்டு மாதம் எங்கள் அப்பாவிடம் "அல்சர்" என்றே சொன்னோம். கீமோவுக்கு "சத்து ஊசி" என்று பெயர். முடி கொட்டியது, "மருந்துச் சூடு" என்றோம். அவர் எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆற்காட்டில் இருந்த மனை யாரிடம் அடமானம் இருந்தது என்று காரியம் முடிந்த பிறகுதான் தேடி அலைந்தோம். அது போகட்டும், பணம்தானே. அவருக்கும் பெரியப்பாவுக்கும் 22 வருஷம் பேச்சு கிடையாது. படுத்திருந்தபோது ஒரு நாள், "உடம்பு சரியானதும் நானே போய் அண்ணனைப் பார்க்கிறேன்" என்றார். நான் தலையாட்டினேன். சரியாகிவிடும் என்று சொல்லி வைத்திருந்தது நாங்கள்தானே. பெரியப்பா வந்தார், மாலையோடு.

காந்தி ரோடு லாட்ஜ்:
இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை சார். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மா ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் ஆரம்பித்த சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தேடி இன்றைக்கும் வங்காளம், ஜார்கண்ட், அசாம் என்று ரயிலில் வந்து இறங்குகிறார்கள். பதினான்கு வருஷமாக லாட்ஜில் பார்க்கிறேன். நோயாளி மூன்றாவது மாடி அறையில் இருப்பார், கூட வந்த பெண்கள் கடுகெண்ணெயில் மீன் வறுத்துக்கொண்டிருப்பார்கள். ரிப்போர்ட் வாங்கப் போன ஆண்கள் திரும்பி வந்து இரண்டாவது மாடிக் குழாயடியில் நிற்பார்கள். ஒருத்தர் படிப்பார், ஒருத்தர் அழுவார். எல்லோரும் முகம் கழுவிக்கொண்டு, மேல் படியில் கால் வைக்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டே ஏறுவார்கள். மொழிதான் வேறு.

ஆம்பூர் டு அட்லாண்டா:
அந்த ஊர் நியாயம் என்று கருணா சொன்னதால் ஒரு விஷயம். அமெரிக்காக்காரன் பிறவியிலேயே உண்மை விளம்பி இல்லை. 1961இல் ஷிகாகோ மருத்துவமனை ஒன்றில் 219 டாக்டர்களைக் கேட்டபோது, புற்றுநோய் என்று நோயாளியிடம் பொதுவாகச் சொல்ல மாட்டோம் என்றவர்கள் 90 சதவீதம். 1979இல் அதே கேள்விகளை வேறொரு ஊரில் கேட்டார்கள். 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். இடையில் பதினெட்டே வருஷம். ஆக, பண்பாடு என்று நாம் சொல்வது கல்வெட்டு இல்லை.

குடியேறியவர்கள் கதை தனி. 1995இல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வில், பரவிவிட்ட புற்றுநோய் என்றால் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்ற வெள்ளைக்கார முதியவர்கள் 87 சதவீதம், கொரிய முதியவர்கள் 47 சதவீதம். ஜப்பானில் மன்னர் ஹிரோஹிட்டோ 1989 ஜனவரியில் இறக்கும்வரை, தனக்கு வந்தது புற்றுநோய் என்று அவரிடமே சொல்லவில்லை. மன்னருக்கே அந்தக் கதி.

இங்கே அமெரிக்காவில் இன்னொரு கூத்தும் உண்டு. 2021 ஏப்ரலிலிருந்து ரிப்போர்ட் தயாரானதும் நோயாளியின் கணக்கில் போட்டுவிட வேண்டும் என்று விதி. என்னோடு வேலை செய்பவர் பயாப்ஸி முடிவை பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து போனில் தனியாகப் படித்தார். டாக்டர் கூப்பிட்டது மறுநாள். இதை நாகரிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காட்பாடி கருணா:
219 டாக்டர் இருக்கட்டும் தம்பி. எனக்கு நைனா ஒருத்தர்தான்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
31 வருஷம் வார்டில் நின்றவள் சொல்கிறேன். நம் நாட்டு டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதியில், நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே என்று இருக்கிறது. ஆனால் நிலைமை யாருக்குத் தெரிய வேண்டும் என்று வரும்போது, நோயாளிக்கோ, உறவினருக்கோ, பொறுப்புள்ள நண்பருக்கோ என்று போகிறது. அந்த 'ஓ'வில்தான் நம் ஊரே ஒளிந்துகொண்டிருக்கிறது.

கருணா, உங்கள் நைனாவிடம் சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சொன்ன விதம் தப்பு. உட்காரவில்லை, அவர் கேட்காத கணக்கை முதலில் சொல்லிவிட்டார், அதோடு போயும் விட்டார். நாங்கள் டெஸ்ட்டுக்கு அனுப்பும்போதே கேட்டுவிடுவோம்: "ரிப்போர்ட் வந்தா உங்ககிட்ட பேசட்டுமா, பையன்கிட்ட பேசட்டுமா?" சிலர் "என்கிட்டயே சொல்லும்மா" என்பார்கள். பலர் "பையன்கிட்ட சொல்லிடுங்க" என்பார்கள். அதுவும் அவர் சொன்ன பதில்தான், மகன் எடுத்துக்கொண்டது இல்லை.

மருமகளே, கணைய வலி சாதாரணமாக இருக்காது. ஒரு கட்டத்தில் மார்ஃபின் மாத்திரை தருவார்கள். கணக்கு எழுதியவர், புண்ணுக்கு எதற்கு இவ்வளவு பெரிய மருந்து என்று கேட்பார். அப்போது புதுப் பொய் தேட வேண்டியிருக்கும். அதற்குள் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள். சொல்லத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, கேளுங்கள் என்கிறேன். வள்ளுவரை யாரும் இழுக்க வேண்டாம், இரண்டு கட்சிக்கும் அவரிடம் குறள் கிடைக்கும்.

பாலாற்று மணல்:
சிஸ்டர், வீட்டார் சுற்றி நிற்கும்போது கேட்டால் எந்த அப்பாதான் "என்கிட்டயே சொல்லு" என்பார்? என் அப்பாவும் என் முகத்தைப் பார்த்துத்தான் எல்லாவற்றுக்கும் சரி சொன்னார்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
அதனால்தான் தனியாகக் கேட்கணும். பையனை டீ வாங்க அனுப்பிவிடுவோம்.

வாலாஜா மருமகள்:
மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இன்று காலை கஞ்சி கொடுக்கும்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "மாமா, ரிப்போர்ட் விஷயம் உங்ககிட்ட பேசணுமா, அவர்கிட்ட பேசினா போதுமா?" என்று கேட்டேன். கை நடுங்கியதில் கஞ்சி துண்டில் சிந்தியது. அவரே துடைத்துவிட்டார். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பெரியவன் சொல்லட்டும். அவனுக்கு எப்ப முடியுதோ அப்ப சொல்லட்டும்" என்றார். அப்புறம், "அதுக்குள்ள பேங்க் பாஸ்புக்கை எடுத்து வா, நாமினியா உங்க அத்தை பேரு இருக்கான்னு பார்த்துடலாம்" என்றார்.

பார்த்தோம். இருக்கிறது. என் கணவரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருக்கிறேன். நாளை காலை 9 மணிக்கு வேலூரில் டாக்டரைப் பார்க்க வேண்டும், மூன்று பேரும்தான் போகிறோம்.

காட்பாடி கருணா:
இப்பவும் நான் சொல்லாதீங்கன்னுதான் சொல்வேன் அக்கா. ஆனா போகும்போது ஃபைல்ல இருக்கிற அந்த அட்டையைக் கழட்டிடுங்க.