ஆன்லைனில் வாங்கிய கணினி பாகங்கள், வாரண்டி தகராறுகள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மதர்போர்டு வாரண்டி தகராறில் வாங்கியவர்கள் அதிகம் தோற்பது சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) பின் விஷயத்தில்தான். போர்டு வேலை செய்யவில்லை என்று அனுப்புவோம். பின் வளைந்திருக்கிறது, உங்களால் வந்த சேதம், வாரண்டியில் வராது என்று இரண்டு வரியில் பதில் வரும். இதற்கு மேல் என்ன பேசுவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இதைத் தொடங்குகிறேன்.

முன்பெல்லாம் பின்கள் பிராசஸரின் அடியில் இருந்தன. இன்டெல் தன் டெஸ்க்டாப் பிராசஸர்களில் 2004-லேயே அவற்றைப் போர்டுக்கு மாற்றிவிட்டது. ஏஎம்டி 2022-ல் ஏஎம்5 சாக்கெட்டோடு அதே வழிக்கு வந்தது. அந்த ஏஎம்5-ல் 1,718 பின்கள். அவற்றில் ஒன்று சாய்ந்தாலும் ஒரு ரேம் சானல் (பிராசஸர் ரேமோடு பேசும் பாதை) முழுவதும் காணாமல் போகலாம்.

எனக்கு வந்த போர்டில் நான்கு ரேம் ஸ்லாட்டில் இரண்டு வேலை செய்யவில்லை. ரேமை இடம் மாற்றிப் பார்த்தேன், பயாஸ் அப்டேட் செய்தேன், பிராசஸரையும் ரேமையும் இன்னொரு போர்டில் போட்டுச் சோதித்தேன். அங்கே எல்லாம் சரியாக ஓடியது. கோளாறு போர்டில்தான் என்று உறுதியான பிறகு விற்பனையாளருக்கு எழுதினேன். எடுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் மேலே சொன்ன அதே பதில்.

என்னிடம் இரண்டு முறை எடுத்த படங்கள் இருந்தன: பிராசஸரை வைப்பதற்கு முன் எடுத்தவை, திருப்பி அனுப்புவதற்கு முன் எடுத்தவை. இரண்டிலும் சாக்கெட்டும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் ஒரே படத்துக்குள் இருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்தால் பின்களின் நுனிகள் வரிசையாக மின்னும். ஒன்று சாய்ந்திருந்தால் அந்த வரிசை அங்கே உடையும். மேலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்தால் இது தெரியாது. அவர்கள் எடுத்த சோதனைப் படத்தைக் கேட்டேன். தயங்கித்தான் அனுப்பினார்கள். அவர்கள் வட்டம் போட்டுக் காட்டிய பின் என் இரண்டு படங்களிலும் நேராக இருந்தது. நான் சாக்கெட்டின் மேல் பொருத்தி அனுப்பிய பிளாஸ்டிக் மூடி அவர்கள் படத்தில் இல்லை. படங்களை அருகருகே வைத்து, சேதம் என் கையை விட்டுப் போன பிறகு நடந்தது என்று எழுதினேன். மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள்.

அந்த மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். அது இல்லாமல் வரும் போர்டை வாரண்டிக்கு எடுக்காத தயாரிப்பாளர்கள் உண்டு.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். என்ன கேட்டார்கள், எதைக் காட்டிய பிறகு இறங்கி வந்தார்கள் என்று எழுதினால் அடுத்தவருக்கு உதவும்.

* * *

என் விஷயம் ஹார்டு டிஸ்க். புதியது, தயாரிப்பாளரின் முழு வாரண்டி உண்டு என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் ஓடிய நேரம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் திருகு போடும் துளைகளைச் சுற்றித் தேய்மானம், சாட்டா இணைப்பின் தங்கப் பூச்சில் கோடுகள். சந்தேகம் வந்து சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டேன். இந்த டிஸ்க் ஒரு கணினி நிறுவனத்துக்கு மொத்தமாகப் போனது, வாரண்டிக்கு அவர்களையே அணுகவும் என்று வந்தது.

விற்றவர் ஸ்மார்ட் எண்ணையே பிடித்துக்கொண்டார். நேரம் பூஜ்யம்தானே, எப்படிப் பழையதாகும் என்றார். ஸ்மார்ட் எண்ணை அழித்து எழுத முடியும் என்பது இன்று ஊரறிந்த விஷயம். 2025 தொடக்கத்தில், பயன்படுத்திய சீகேட் டிஸ்க்குகளைப் புதிது போலாக்கிப் பலர் தலையில் கட்டியது செய்தியானது. ஸ்மார்ட் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த டிஸ்க்குகளே தனியாக எழுதி வைக்கும் ஃபார்ம் என்ற பதிவில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியது தெரிந்தது. சீகேட் வைத்திருப்பவர்கள் ஸ்மார்ட்கண்ட்ரோல் (smartctl) நிரலில் அந்தப் பதிவைப் பார்க்கலாம். என்னுடையது வேறு தயாரிப்பு, அதனால் எனக்கு அந்த வழி இல்லை.

நான் விவாதத்தையே வேறு பக்கம் திருப்பினேன். பழையதா புதியதா என்று வாதாடவில்லை. "தயாரிப்பாளர் வாரண்டி உண்டு என்று எழுதி விற்றீர்கள், தயாரிப்பாளர் இல்லை என்கிறார், ஆகவே விளம்பரத்தில் இருந்த பொருள் எனக்கு வரவில்லை" என்று எழுதி, விற்பனைப் பக்கத்தின் படத்தையும் தளத்தில் வந்த பதிலின் படத்தையும் இணைத்தேன். பழுது என்று எழுதினால் வாரண்டி பிரிவுக்குப் போகும், சோதனை, காத்திருப்பு, மாற்று டிஸ்க் என்று இழுக்கும். வேறு பொருள் வந்தது என்று எழுதினால் அது ரிட்டர்ன். பணம் முழுவதும் வந்தது. விற்பனைப் பக்கத்தை வாங்கும் அன்றே படம் எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள்.

* * *

நான் சில ஆண்டுகள் ஒரு விற்பனை நிறுவனத்தின் வாரண்டி பிரிவில் வேலை பார்த்தவன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

பொருள் வந்ததும் முதலில் கண்ணால் பார்ப்போம்: வளைவு, கருகல், திரவம் பட்ட தடம், சீரியல் நம்பர் இன்வாய்ஸோடு பொருந்துகிறதா என்று. பிறகு திறந்த மேசையில், கேஸ் எனும் கணினிக் கூடு இல்லாமல், நல்ல காற்றோட்டத்தில் கொஞ்ச நேரம் ஓட்டுவோம். நின்றால் பழுது. ஓடினால் "பழுது ஏதும் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புவோம். உங்கள் கேஸுக்குள் ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு மட்டும் அணைந்துபோகும் கிராபிக்ஸ் கார்டு எங்கள் மேசையில் அணையவே அணையாது. சோதிப்பவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவருக்கு வரிசையில் நிறைய பெட்டிகள் காத்திருக்கும், உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளில் "வேலை செய்யவில்லை" என்று இரண்டு சொல் மட்டும் இருக்கும்.

அதனால் எழுதும்போது இப்படி எழுதுங்கள்: எந்த நிரல் ஓடும்போது, எவ்வளவு நேரம் கழித்து, வெப்பம் எவ்வளவு காட்டியது, எந்தப் பிழைச் செய்தி வந்தது, இன்னொரு கணினியில் போட்டபோது என்ன ஆனது. சீரியல் நம்பரைக் காட்டிவிட்டு வெட்டாமல் எடுத்த சிறிய வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. அந்தத் தாளைப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். மின்னஞ்சலில் எழுதியது சோதிப்பவர் மேசைக்கு வரும் என்று நம்பாதீர்கள்.

பிழைச் செய்தி காட்டும் பாகம்தான் பழுதான பாகம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் விவகாரம் நினைவிருக்கும். அளவுக்கு மீறிய வோல்டேஜ் போய் பிராசஸர் மெல்ல மெல்ல நிலை தடுமாறியது. ஆனால் பல விளையாட்டுகளில் திரையில் வந்த செய்தி "வீடியோ மெமரி போதவில்லை" என்பது. அதைப் பார்ப்பவர் கிராபிக்ஸ் கார்டைத்தானே சந்தேகிப்பார்? கார்டை அனுப்பினால் பழுது ஏதும் இல்லை என்றுதான் திரும்பும், அது உண்மையும்கூட. இன்டெல் 2024 ஆகஸ்டில் அந்த பிராசஸர்களுக்கு வாரண்டியை மேலும் 2 ஆண்டு நீட்டியது. பெட்டியில் வந்தவற்றுக்கு 3 ஆண்டு 5 ஆனது. கையில் அந்தத் தலைமுறை இருந்து, முன்பு மறுக்கப்பட்டிருந்தால் மறுபடி கேளுங்கள்.

பெட்டி என்றதும் இன்னொன்று. சில்லறைப் பெட்டி இல்லாமல் டிரேயில், அதாவது மொத்த விற்பனைத் தட்டில், வரும் பிராசஸருக்கு வழக்கமாக விற்றவர்தான் பொறுப்பு, தயாரிப்பாளர் நேரடியாக எடுக்க மாட்டார். விற்றவர் கடையை மூடிவிட்டால் அதோடு முடிந்தது. விலை குறைவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். பெரிய விற்பனைத் தளத்தில் வாங்கினாலும் "விற்பவர்" என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது, அவர் அந்தப் பிராண்டின் அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள்.

* * *

அண்ணா, ஒரு சந்தேகம். கிராபிக்ஸ் கார்டின் வெப்பம் இறக்கும் ஹீட்சிங்க்கைக் கழற்றி தெர்மல் பேஸ்ட் மாற்றினால் வாரண்டி போய்விடுமா? திருகின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.

* * *

தம்பி, அது நாட்டையும் பிராண்டையும் பொறுத்தது. அமெரிக்காவில் 1975-ன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி ஸ்டிக்கர் கிழிந்தது என்ற ஒரே காரணத்தால் வாரண்டியை மறுக்க முடியாது. அங்குள்ள வர்த்தக ஆணையம் இப்படி ஸ்டிக்கர் ஒட்டும் நிறுவனங்களுக்கு 2018-லும் 2024-லும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆனால் கழற்றும்போது எதையாவது உடைத்தால் அந்தச் சேதம் எங்கேயும் உன் பொறுப்புதான். வாரண்டி காலம் மீதி இருக்கும்போது கார்டு சூடாகிறது என்றால் கழற்றாமல் அப்படியே அனுப்பு. வெப்பம் அதிகம் என்பதே ஒரு புகார்தான்.

* * *

பவர் சப்ளை மாற்றியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாடுலர் (கேபிள்கள் தனியாகக் கழலும்) பவர் சப்ளையை வாரண்டிக்கு அனுப்பும்போது யூனிட்டை மட்டும் அனுப்புங்கள், கேபிள் உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்வது உண்டு. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். திரும்பி வந்தது வேறு மாடல், பழைய மாடல் தயாரிப்பில் இல்லையாம். கேபிள் பொருந்துகிறது, அதையே பயன்படுத்தலாம் என்றார் போனில் பேசியவர். கேபிளின் பவர் சப்ளை பக்க முனைக்குப் பொதுவான தரநிலை கிடையாது. ஒரே பிராண்டிலேயே மாடலுக்கு மாடல் ஒயர் வரிசை மாறும். பிளக் அழகாக உள்ளே போகும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் அத்தனை டிஸ்க்கும் கருகும். இந்த மாடலுக்கான கேபிள்களை அனுப்புங்கள், இல்லாவிட்டால் பழையவை பொருந்தும் என்று எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். எழுதித் தர யாரும் முன்வரவில்லை. முழு செட் கேபிள் வந்து சேர்ந்தது.

* * *

திருமணப் புகைப்படம் எடுப்பது என் தொழில். எஸ்எஸ்டி செத்துப்போனால் வாரண்டியில் புதிது கிடைக்கும், தரவு கிடைக்காது. பேக்கப் இருந்ததால் அதில் எனக்குக் கவலை இல்லை. என்னை உறுத்தியது வேறு: வாடிக்கையாளர் குடும்பங்களின் படங்கள் இருக்கும் டிஸ்க்கை முன்பின் தெரியாத இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆன் ஆகாத டிஸ்க்கை அழிக்கவும் முடியாது. வாங்கிய நாளிலேயே முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்து (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி) வைத்திருந்ததால் நிம்மதியாக அனுப்பினேன். மற்றவர்களும் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். டிஸ்க்கைத் திருப்பித் தராமலேயே மாற்றித் தரும் திட்டம் சில நிறுவனங்களில் உண்டு. ஆனால் அது தனிக் கட்டணத்தில், பெரும்பாலும் நிறுவன வாடிக்கையாளர்களுக்குத்தான்.

எஸ்எஸ்டி வாரண்டியில் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். 1 டெராபைட் எஸ்எஸ்டி பலவற்றில் 5 ஆண்டு அல்லது 600 டெராபைட் எழுதும் வரை, எது முந்துகிறதோ அதுவரை என்று இருக்கும். என்னைப் போல் தினமும் வீடியோவும் கொட்டுபவர்களுக்கு இரண்டாவதுதான் முதலில் வரும்.

இப்போது ஒரு கேள்வி. மாற்றித் தந்த டிஸ்க்கின் சீரியல் நம்பர் வேறு, என் இன்வாய்ஸில் இருப்பது பழையது. இதுவும் போனால் என்ன செய்வது?

* * *

நல்ல கேள்வி. பலர் இரண்டாவது முறை மாட்டுவது இங்கேதான். மாற்றுப் பொருளுக்குப் புதிதாக வாரண்டி தொடங்காது, வழக்கமாகப் பழையதன் மீதிக் காலம்தான் ஓடும். தளத்தில் புதிய எண்ணைப் போட்டால் வேறு தேதி காட்டலாம், அல்லது வாரண்டி இல்லை என்றே காட்டலாம். பழைய எண், புதிய எண், முதல் இன்வாய்ஸ் தேதி, வாரண்டி முடியும் தேதி நான்கையும் ஒரே கடிதத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்றித் தந்த வாரத்திலேயே கேட்டால் தருவார்கள், அந்தக் கோப்பு இன்னும் திறந்திருக்கும். ஓராண்டு கழித்துக் கேட்டால் தேடிப் பார்க்க ஆள் இருக்காது. டெலிவரி ரசீதையும் அதோடு சேர்த்து வையுங்கள்.