நிலநடுக்கப் பகுதியில் ஆறு தளக் கட்டடம்: இரண்டு துளைகளோடு முடிந்த மண் பரிசோதனை போதுமா?

தூணும்தளமும் (கேள்வி)

வணக்கம். நிலநடுக்க ஆபத்து மிகுந்த ஒரு நகரத்தில், நான்கு பக்கமும் கட்டடங்கள் சூழ்ந்த மனையில், ஒரு நிலவறையும் ஆறு தளங்களும் கொண்ட குடியிருப்புக்குக் கட்டமைப்பு வடிவமைப்பைச் செய்துவருகிறேன். மனையின் எதிரெதிர் மூலைகளில் 15 மீட்டர் ஆழத்துக்கு இரண்டு துளைகள் இடப்பட்டுள்ளன. மேலே 2 மீட்டர் கொட்டிய மண், அதன் கீழ் 9 மீட்டர் வரை சில்ட் (மணலைவிட நுண்ணிய வண்டல்) கலந்த மணல், அதற்கும் கீழே இறுகிய களிமண். மணலில் எஸ்.பி.டி. (சுத்தியலால் அடித்து மண்ணின் இறுக்கத்தை அறியும் சோதனை) தரும் 'என்' மதிப்பு, அதாவது அடிகளின் எண்ணிக்கை, 8 முதல் 13 வரை இருக்கிறது. கோடையில் அளந்த நீர்மட்டம் 3 மீட்டர். அறிக்கை தாங்குதிறனைக் கணக்கிட்டு ராஃப்ட் அடித்தளத்தை (கட்டடம் முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகை) பரிந்துரைப்பதோடு முடிந்துவிடுகிறது. நிலநடுக்கம் குறித்து "நடுத்தர மண்" என்பதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. இதை வைத்துத் தொடரலாமா? உரிமையாளர் இன்னும் ஒரு சோதனைக்கு மேல் இசைய மாட்டார் என்பதால், எதைக் கேட்பது என்றும் சொல்லுங்கள்.

மண்ணடுக்கு (பதில்)

தொடரக் கூடாது. நிலவறைக்குத் தோண்டிய பின் உங்கள் ராஃப்ட், நீரில் ஊறிய தளர்ந்த மணலின் மேல்தான் உட்காரும். குலுக்கத்தில் அத்தகைய மணலின் துளைநீர் அழுத்தம் (மணிகளுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம்) ஏறி, மணிகள் ஒன்றையொன்று தாங்கும் பிடிப்பை இழந்தால் (இதுவே திரவமாதல்), அமைதியான நாளுக்காகக் கணக்கிட்ட தாங்குதிறனுக்குப் பொருளே இல்லை. 1964இல் ஜப்பானின் நிகாட்டாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் சட்டகம் பெரிதாக உடையாமலே சாய்ந்து படுத்தது இதனால்தான்.

கையில் உள்ள 'என்' மதிப்புகளையும் அப்படியே நம்ப வேண்டாம். 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, 45 சென்டிமீட்டர் ஊடுருவலில் கடைசி 30 சென்டிமீட்டருக்கான அடிகளை எண்ணுவது எங்கும் ஒன்றுதான் என்றாலும், கயிற்றால் இழுத்து விடும் சுத்தியலும் தானியங்கிச் சுத்தியலும் கம்பிக்குக் கடத்தும் ஆற்றல் ஒன்றல்ல. ஆகவே 60 விழுக்காடு ஆற்றலுக்கும் 100 கிலோபாஸ்கல் மேற்சுமைக்கும் திருத்திய மதிப்பைத்தான் திரவமாதல் கணக்கில் இட வேண்டும். துளைக்குள் நீர்மட்டம் வெளி நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அடிமண் மேலே பொங்கி மதிப்பு பொய்யாகக் குறையும். சரளைக் கல் தட்டினால் பொய்யாகக் கூடும்.

என் தேர்வு சி.பி.டி. கூம்புச் சோதனை (கூம்பு முனையுள்ள கம்பியை மண்ணுக்குள் அழுத்தி இறக்குவது). எஸ்.பி.டி. வழக்கமாக 1.5 மீட்டருக்கு ஒருமுறை செய்யப்படுவதால் அரை மீட்டர் தளர்ந்த அடுக்கு இடையில் தப்பிவிடலாம். கூம்போ வினாடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கியபடியே சில சென்டிமீட்டருக்கு ஒருமுறை முனைத்தடையையும் உராய்வையும் துளைநீர் அழுத்தத்தையும் பதிகிறது.

அதிர்வெண் (பதில்)

கூம்பு சரி. ஆனால் மண் வலுவிழக்குமா என்பதோடு, அது அதிர்வைப் பெருக்குமா என்பதையும் கேட்க வேண்டும். 1985 நிலநடுக்கத்தின் மையம் மெக்சிகோ நகரத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தும், பழைய ஏரிக் களிமண் ஓர் ஊசலுக்கு ஏறத்தாழ 2 வினாடி என்ற காலத்தில் ஊசலாடியதால், ஆறு முதல் பதினைந்து தளக் கட்டடங்களே மிகுதியாகச் சேதமடைந்தன. உங்கள் மனையில் 30 மீட்டருக்கு வெட்டு அலை (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்தபடி செல்லும் அதிர்வு) வேகம் வினாடிக்கு 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆழத்தின் நான்கு மடங்கை வேகத்தால் வகுக்க, மண்ணின் இயல்புக் காலம் 0.8 வினாடி. ஆறு தளச் சட்டகம் விரிசல் விட்டு நெகிழும்போது அதன் காலமும் அந்த எல்லைக்கு வரக்கூடும்.

மண் வகைப்பாடு பல விதித்தொகுப்புகளில் மேல் 30 மீட்டரின் சராசரி வேகத்தைக் கொண்டது (அலை கடக்கும் நேரத்தை வைத்து எடுக்கும் சராசரி, வேகங்களைக் கூட்டி வகுப்பதன்று). 15 மீட்டரில் நின்ற துளையை வைத்து "நடுத்தர மண்" என்று எழுதியது ஊகமே.

தரைமேல் ஜியோஃபோன்களை (அதிர்வு உணரிகளை) வரிசையாக வைத்து அலை வேகத்தை அளக்கும் எம்.ஏ.எஸ்.டபிள்யூ. சோதனையைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதற்கு நீளமான நேர்கோட்டு இடம் வேண்டும்; அண்டை நிலவறைச் சுவர்களும் புதைகுழாய்களும் அலையைக் குழப்பும். கூம்புக்குள்ளேயே ஜியோஃபோன் பொருத்திய நில அதிர்வுக் கூம்பைக் கேளுங்கள். மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தித் தரையில் அடித்தால் அலை வேகமும் கிடைத்துவிடும். உரிமையாளருக்கு அது ஒரே சோதனைதான். களிமண்ணில் கூம்பு மேற்கொண்டு இறங்காவிட்டால் மட்டும், ஒரு துளையை 30 மீட்டர் வரை நீட்டி அதற்குள் அளக்கலாம்.

பழைய தடம் (பதில்)

ஆய்வகத்தில் மண் மாதிரிகள் இன்னும் இருந்தால் வீசிவிடச் சொல்லாதீர்கள். "சில்ட் கலந்த" என்பதில் சில்ட் எவ்வளவு, அதன் நெகிழ்வுக் குறியீடு (எந்த ஈரப்பத வீச்சில் பிசையும் நிலையில் இருக்கும் என்ற அளவு) என்ன, இயற்கை ஈரப்பதம் நீர்ம வரம்பை (மண் குழம்பாகத் தொடங்கும் ஈரப்பதத்தை) நெருங்குகிறதா என்று பாருங்கள். 1999இல் துருக்கியின் அடாபசாரியில், களிமண்ணின் அளவை வைத்துத் திரவமாதலைத் தீர்மானித்த அன்றைய விதிப்படி பாதுகாப்பானவை எனக் கருதத்தக்க நுண்மண்களின் மேல் நின்ற கட்டடங்களும் புதைந்து சாய்ந்தன.

இன்னொன்று: கொட்டிய மண் எதை மூடியிருக்கிறது? பழைய நில வரைபடத்தில் குளமோ ஓடையோ இருந்ததா என்று தேடுங்கள். மூலைத் துளைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய நீரோடை குறுக்கே போயிருந்தால் இந்த அறிக்கையில் அது தெரியாது. ஆகவே கூம்பை மனையின் நடுவில் இறக்குங்கள்.

தூணும்தளமும்

மூவருக்கும் நன்றி. கயிற்றுச் சுத்தியல்தான் பயன்பட்டது என்று விசாரித்து அறிந்தேன்; மாதிரிகள் இருக்கின்றன. திரவமாதல் கணக்கில் எந்த நீர்மட்டத்தை எடுப்பது? பைல் (ஆழமாக இறக்கும் தூண்) அடித்தளத்துக்கு மாறிவிட்டால் இந்தக் கேள்விகள் தீர்ந்துவிடுமா?

மண்ணடுக்கு

கோடை அளவை எடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் எதிர்பார்க்கக்கூடிய உயர்ந்த மட்டத்தை எடுங்கள். துளையிட்டவுடன் அளந்த மட்டம் நிலைத்ததாகவும் இருக்காது என்பதால், ஒரு துளையில் பீசோமீட்டரை (நிலத்தடி நீரழுத்தத்தை அளக்கும் கருவியை) விட்டுவைப்பது நல்லது.

பைலால் தீராது. மணல் திரவமானால் அந்த ஆழத்தில் பைலுக்குப் பக்கத் தாங்கல் ஏறக்குறைய இல்லாமல் போய் வளைவு கூடும். பின்னர் மண் படியும்போது பைலைக் கீழ்நோக்கி இழுக்கும் சுமையும் சேரும். இரண்டையும் கணக்கிட அந்த அடுக்கின் தடிமன் தேவை. கூம்பின் பதிவு வரும்வரை ராஃப்ட்டா பைலா என்பதை முடிவு செய்ய வேண்டாம்.