பிரேசில் பாஸ்போர்ட்டோடு பயணம்: விசா இருந்தும் மாட்டிக்கொண்ட கதை இருந்தால் எழுதுங்கள்

கம்பினாஸ்காரன்:

விசா அனுபவம் என்றாலே எல்லோரும் அமெரிக்க நேர்காணலைத்தான் எழுதுகிறார்கள். என் கதையில் விசாவுக்கு ஒரு குறையும் இல்லை. மனைவியும் மாமியாரும் பிறவிப் பிரேசிலியர்கள். இருவருக்கும் இந்திய இ-விசா நாலே நாளில் மின்னஞ்சலில் வந்துவிட்டது. கும்பகோணத்தில் என் தங்கை கல்யாணம். மாமியாருக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். ஒரு மாதமாக வீட்டில் புடவை கட்டிப் பழகினார்.

சாவ் பாவ்லோவின் குவாருலோஸ் விமான நிலையத்தில் செக்-இன். கவுன்டரில் இருந்த பெண் மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்டாள். நானும் மனைவியும் பிரேசில் அரசின் சுகாதார அமைப்பான அன்விசா தரும் சர்வதேசச் சான்றை நீட்டினோம். மாமியார் கைப்பையைத் துழாவி, சுகாதார நிலையத்தில் கொடுத்த மடிப்பு அட்டையை எடுத்தார். ஊசி போட்ட தேதி, முத்திரை, எல்லாம் இருந்தது. அந்தப் பெண் ஒரு சின்ன ஸ்டிக்கருக்குக் கீழே நகத்தை வைத்தாள். சிவப்புச் சாயம் பாதி உரிந்த நகம். 'டோசி ஃபிரசியொனாடா', அதாவது பிரித்துப் போட்ட டோஸ், என்று எழுதியிருந்தது.

2018இல் சாவ் பாவ்லோ பக்கம் காய்ச்சல் பரவியபோது, இருக்கிற மருந்து எல்லோருக்கும் வரட்டும் என்று ஒருவருக்கான ஊசியை ஐந்து பேருக்குப் பிரித்துப் போட்டார்களே, அது. 0.5 மில்லிக்குப் பதில் 0.1 மில்லி. உடம்புக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அதை வைத்துச் சர்வதேசச் சான்று வாங்க முடியாது. முழு ஊசி போட்டாலும் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். முகூர்த்தத்துக்கு இருந்ததோ நாலு நாள்.

"அப்போ எனக்கு ஊசியே போடலையா?" என்று மாமியார் என்னைத்தான் கேட்டார், கவுன்டரில் இருந்தவளை அல்ல. எல்லாக் காகிதமும் பார்த்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னவன் நான். அவரை விட்டுவிட்டுப் போனோம். கும்பகோணத்தில் காலை ஏழரைக்குத் தாலி கட்டும்போது பிரேசிலில் முந்தின நாள் இரவு பதினொன்று. வீடியோவில் பார்த்தேன், புடவை கட்டி உட்கார்ந்திருந்தார்.

குரிச்சிபா அம்மா:

படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை சகோதரரே. எங்களை மாட்டிவிட்டது ஊசி இல்லை, பையனின் அப்பா.

பையன் இங்கே பிறந்தவன், அதனால் பிரேசிலியன். அவனுக்கு நாலு வயது. மாமனாருக்கு உடம்பு முடியவில்லை என்று என் வீட்டுக்காரர் முன்னால் சென்னை போய்விட்டார். நாங்கள் பத்து நாள் கழித்துக் கிளம்பினோம். போர்டிங் பாஸ் கையில், பெட்டி உள்ளே போய்விட்டது. பாஸ்போர்ட் பரிசோதனையில் அதிகாரி பையனின் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, மிக மெதுவாக, "ஈ ஓ பாய்?" என்றார். அப்பா எங்கே?

இந்தியாவில் இருக்கிறார், அவரிடம்தான் போகிறோம் என்றேன். அதற்குக் காகிதம் வேண்டும் என்றார். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனால், மற்றவர் கையெழுத்திட்டு, கர்த்தோரியோ என்கிற நோட்டரி அலுவலகத்தில் அந்தக் கையெழுத்தை உறுதிசெய்த அனுமதிக் கடிதம் வேண்டும். வாட்ஸ்ஆப்பில் அவரைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டினேன். அதிகாரி திரையைப் பார்த்து வணக்கம்கூடச் சொன்னார். ஆனால் விடவில்லை. பையன் தள்ளுவண்டியில் பெட்டி வைக்கிற இடத்தில் செருப்போடு தூங்கிவிட்டான். அதில் ஒரு செருப்பு எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளையைக் கடத்துகிறவளும் என்னைப் போலத்தானே பேசுவாள். கோபம் எல்லாம் என் வீட்டுக்காரர் மேல்தான், ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகத் தெரியவில்லை.

ஃபோஸ் பாலம்:

கம்பினாஸ் அண்ணே, ஒரு சந்தேகம். சான்று இல்லாவிட்டால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனியாக வைப்பார்கள், அவ்வளவுதானே? மாமியாரை ஏற்றிக் கொண்டுபோயிருக்கலாமே?

என் கதை சின்னது. 2019. இகுவாசு அருவியை அர்ஜென்டினா பக்கத்திலிருந்து பார்க்க ஆசை. எனக்கு அப்போது இந்தியப் பாஸ்போர்ட். வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, ஹோட்டல் என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்து விசா வாங்கினேன். மனைவி, "எங்களுக்கு ஆர்ஜி அட்டை போதும், மெர்கோசூல்" என்று கையை வீசிக்கொண்டு வந்தாள். ஆர்ஜி என்பது பிரேசில் அடையாள அட்டை, மெர்கோசூல் தென் அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பு. சட்டப்படி அது சரிதான். ஆனால் அந்த அட்டையில் இருந்தது பதின்மூன்று வயதுப் பெண், பல்லில் கம்பி. தான்கிரெடோ நெவிஸ் பாலம் தாண்டியதும் அர்ஜென்டினா சாவடியில் இருந்தவர் அட்டையை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அட்டை, முகம், அட்டை. பிறகு என்னைப் பார்த்தார், சாட்சி கேட்பது போல.

ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினாள். அது உள்ளூரில்தான் செல்லுபடியாகும். பாஸ்போர்ட் ஜொயின்வில் நகரில், வீட்டு அலமாரியில். "நீ விசாவுக்குப் பணம் கட்டியிருக்கே, போ" என்று என்னை அனுப்பிவிட்டுத் திரும்பிவிட்டாள். பிசாசின் தொண்டை என்கிற அந்த மேடையில் தனியாக நின்று நனைந்தேன். ஆறு வருஷமாக இதைச் சொல்லிக் காட்டுகிறாள், போகச் சொன்னது அவள்தான் என்றாலும்.

கம்பினாஸ்காரன்:

தம்பி, ஆறு நாள் தனிமை விமானத்தில் ஏறினால்தானே? கவுன்டரிலேயே போர்டிங் பாஸ் தரவில்லை. தவிர, நாலு நாளில் கல்யாணம், ஆறு நாள் தனிமை. கணக்கைப் பாரும்.

சாந்தோஸ் ஓய்வூதியர்:

எல்லோரும் கண்ணீர் விடுகிறீர்கள், ஒருவராவது முன்கூட்டிப் படித்தீர்களா? என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மகள் 2022இல் கான்கூனுக்கு டிக்கெட் போட்டாள், ஆகஸ்ட் 20. மெக்சிகோ ஆகஸ்ட் 18இலிருந்து பிரேசிலியர்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா வாங்க வேண்டும் என்றது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் அது தேவையில்லை, அவளுடையது ஜூலையில் முடிந்திருந்தது. போகவில்லை. அவ்வளவுதான்.

இனி கேளுங்கள். பிரேசில் பாஸ்போர்ட் நல்ல பாஸ்போர்ட்தான், அதனால்தான் எல்லோரும் அசட்டையாக இருக்கிறீர்கள். ஐரோப்பாவில் பல நாடுகள் ஒரே எல்லையாக இயங்கும் ஷெங்கன் பகுதிக்கு விசா வேண்டாம், ஆனால் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான். பாரீசில் 60 நாள் இருந்துவிட்டு லண்டன் போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று என் மச்சினன் இன்றும் நம்புகிறான். தொடங்காது. 2025 அக்டோபர் 12இலிருந்து கைரேகையும் முகமும் பதிகிறார்கள், இனி முத்திரை மங்கலாக விழுந்தது என்று தப்பிக்க முடியாது. பிரிட்டனுக்கும் விசா வேண்டாம், ஆனால் 2025 ஜனவரி 8இலிருந்து கிளம்புமுன் இணையத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். 10 பவுண்டாக இருந்ததை 2025 ஏப்ரலில் 16 ஆக்கினார்கள். கனடாவுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: கையில் நடப்பில் உள்ள அமெரிக்க விசா இருந்தாலோ, பத்து வருஷத்துக்குள் கனடா விசா வாங்கியிருந்தாலோ, 7 கனடா டாலர் மின்அனுமதி போதும். விமானத்தில் போனால் மட்டும். அமெரிக்காவிலிருந்து காரில் எல்லை தாண்டப் போனால் அது செல்லாது, முழு விசாதான். ஜப்பான் 2023 செப்டம்பர் 30இலிருந்து 90 நாளுக்கு விசாவை எடுத்துவிட்டது, சிப் வைத்த பாஸ்போர்ட் வேண்டும். சீனா 2025 ஜூனில் 30 நாள் வரை விசா இல்லாமல் விடத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவுக்கு இன்னும் விசா வேண்டும்.

அப்புறம் குரிச்சிபா அம்மா, அடுத்த பாஸ்போர்ட் எடுக்கும்போது, ஒரு பெற்றோரோடு போகலாம் என்ற அனுமதியை அதிலேயே அச்சிடச் சொல்லுங்கள். செய்து தருவார்கள். இல்லாவிட்டால் கணவர் மும்பைத் துணைத்தூதரகத்திலோ டெல்லித் தூதரகத்திலோ கையெழுத்திட்டுத் தரலாம். ஃபோஸ் தம்பி, மனைவியைப் புது தேசிய அடையாள அட்டை எடுக்கச் சொல்லும். ஆர்ஜியாக இருந்தால் பத்து வருஷத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும்.

குரிச்சிபா அம்மா:

ஐயா, நான் அறிவுரை கேட்கவில்லை. கதை சொன்னேன். பாஸ்போர்ட்டில் அச்சிட்டது எப்போதோ ஆயிற்று.

மினாஸ் மாப்பிள்ளை:

பெரியவர் 'விசா வேண்டாம்' என்று எழுதிய இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. விசா வேண்டாம் என்றால் உள்ளே விடுவார்கள் என்று அர்த்தமா?

மனைவி பிரேசிலியர் என்பதால் ஒரே வருஷத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். இந்தியப் பாஸ்போர்ட்டைச் சரண் செய்து, வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கியாயிற்று. புதுப் பாஸ்போர்ட்டோடு முதல் பயணம், லிஸ்பன். பிறந்த நாடு இந்தியா என்று அதில் இருக்கிறது. முகமும் சொல்கிறது. சாவடியில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே பதினோரு பேர், பத்துப் பேர் பிரேசிலியர்கள். ஒரு அக்கா அழைப்புக் கடிதத்தை நெஞ்சோடு பிடித்திருந்தார். நான் அங்கிருந்த ஒரு மணி நேரத்தில் அவரை யாரும் கூப்பிடவில்லை.

திரும்பும் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் காட்டினேன். கையில் பணம் கேட்டார்கள். நுழைவுக்கு 75 யூரோ, நாள் ஒன்றுக்கு 40 என்று கணக்கு. அட்டை இருக்கிறது என்றேன். அந்த அதிகாரி திடீரென்று, "எங்கே, போர்த்துக்கீசியத்தில் பேசுங்கள் பார்ப்போம்" என்றார். பயத்தில் வாயிலிருந்து முதலில் வந்தது, "உவாய்!" பிரேசிலின் மினாஸ் மாநிலத்துக்காரர்கள் வாயில் எப்போதும் இருக்கும் சொல், நம் 'அட!' மாதிரி. என் மாமனார் நாள் முழுக்கச் சொல்வார். அதிகாரி சிரித்துவிட்டார். முத்திரை விழுந்தது.

சிரித்ததால் விட்டார்கள். அந்த அக்கா என்ன சொல்லிச் சிரிக்க வைப்பார்?

சாந்தோஸ் ஓய்வூதியர்:

எல்லா நாடும் செய்வதுதான் மாப்பிள்ளை. 2008இல் ஸ்பெயின் மத்ரித் விமான நிலையத்தில் பிரேசிலியர்களைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பியது, பிரேசிலும் பதிலுக்கு ஸ்பானியர்களைத் திருப்பியது. 2012இல் அவர்கள் கேட்ட அதே காகிதங்களை நாமும் கேட்கத் தொடங்கினோம். அமெரிக்கர், கனடியர், ஆஸ்திரேலியருக்கு 2025 ஏப்ரல் 10இலிருந்து விசா கேட்பதும் அதே கணக்குதான். நமக்கு அமெரிக்கா விசாவுக்கு 185 டாலர் வாங்குகிறதே.

மினாஸ் மாப்பிள்ளை:

நாடுகள் பழிக்குப் பழி வாங்கட்டும் ஐயா. அறையில் உட்கார்ந்திருந்தவர் ஸ்பானியரா?

ஃபோஸ் பாலம்:

சண்டை வேண்டாம். கம்பினாஸ் அண்ணே, மாமியார் அப்புறம் இந்தியா போனாரா?

கம்பினாஸ்காரன்:

இன்னும் இல்லை. தங்கைக்குச் சீமந்தம் வருகிறது. போன மாதம் மாமியாருக்கு முழு ஊசி போட்டாயிற்று. ஊசி போடும் முன் குப்பியைக் கையில் வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்தாராம். சர்வதேசச் சான்று வந்துவிட்டது, ஆயுள் முழுக்கச் செல்லும். மூன்று பிரதி எடுத்து ஒன்றைப் புடவை மடிப்புக்குள் வைத்திருக்கிறார். பழைய இ-விசாதான் காலாவதியாகிவிட்டது. மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தால், அவர் தந்த புகைப்படத்தில் பொட்டு வைத்து, பின்னால் மாமரம் தெரிய நிற்கிறார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கச் சொல்லி நாளை எடுக்க வேண்டும்.