போன வழியில் திரும்பக் கூடாது: நான் தப்பாகப் போட்ட கணக்கு

பிளஸ் ஒன் படிக்கும் அண்ணன் மகள் போன வாரம் ஒரு கணக்கோடு வந்தாள். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு 3 சாலை, திருச்சியிலிருந்து மதுரைக்கு 4 சாலை. போன சாலை எதிலும் திரும்பக் கூடாது. போய்வர எத்தனை விதம்?

பேப்பரே எடுக்காமல் சொன்னேன். போக 3×4=12. திரும்ப அதில் ஒன்று போக 11. ஆக, 12×11=132. பின்பக்க விடையில் 72 என்று இருந்தது. அச்சுப்பிழை என்று அடித்துச் சொல்லிவிட்டேன்!

அவள் விடவில்லை. "சித்தப்பா, மதுரைப் பக்கம் ரோட்டை மாத்திட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் அதே ரோட்டுல வந்தா?" அப்போதுதான் உறைத்தது. நான் முழுப் பயணத்தை மட்டும் தவிர்த்திருந்தேன். கேள்வி ஒவ்வொரு சாலையையும் தவிர்க்கச் சொன்னது. மதுரையிலிருந்து திருச்சிக்கு மிச்சம் 3, அங்கிருந்து தஞ்சாவூருக்கு 2. 12×3×2=72. என் 132-இல் அதிகமாக இருந்த 60-உம் ஏதோ ஒரு பக்கம் போன சாலையிலேயே திரும்பியவை.

அடுத்து அவளே ஒன்று கேட்டாள்: திருச்சி போகாமல் புதுக்கோட்டை வழியாக 2 சாலை இருந்தால், மதுரை போக மட்டும் எத்தனை வழி? பழக்க தோஷத்தில் 24 என்றேன். 14தான். இது முடிந்து அப்புறம் அது என்றால் பெருக்கணும், இது அல்லது அது என்றால் கூட்டணும். படித்ததுதான், இருபது வருஷத்தில் கை மறந்துவிட்டது.

---

எங்கள் வீட்டில் பையனுக்கு இப்படி வழி எண்ணுவதைக் கோலப் புள்ளியில் சொல்லிக் கொடுத்தேன். நாலுக்கு நாலு புள்ளி. மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு, வலப்பக்கமோ கீழேயோ மட்டும் போகலாம். ஒவ்வொரு புள்ளியிலும், அங்கே வந்துசேர எத்தனை வழி என்று எழுதணும். மேல் வரிசையிலும் இடது ஓரத்திலும் எல்லாம் 1. மற்ற புள்ளிகளில், மேலே உள்ளதையும் இடப்பக்கம் உள்ளதையும் கூட்டி எழுதணும். இரண்டாம் வரிசை 1, 2, 3, 4. மூன்றாவது 1, 3, 6, 10. கடைசி மூலையில் 20. ஆறு நகர்வில் எந்த மூன்று கீழே என்று எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என எண்ணினாலும் அதே 20தான்.

பையன் விளையாட்டாக இரண்டாம் வரிசையின் இரண்டாம் புள்ளியைக் காலால் அழித்துவிட்டு, "இங்க பள்ளம் தோண்டியிருக்காங்க" என்றான். அங்கே 0 போட்டு மறுபடி கூட்டினோம். 8 வந்தது. அதன்பிறகு வேறு புள்ளிகளையும் அழிக்க ஆரம்பித்துவிட்டான். அம்மா வாளியோடு வந்ததும் இருவரும் ஓட வேண்டியதாயிற்று.