பிள்ளைகளைச் சொந்தக் கதை சொல்ல வைக்க 2 மணி நேரம்: எப்படிப் பிரிக்கலாம்?

நூலகத்திண்ணை:
வணக்கம். ஒரு சிறார் எழுத்தாளர் எங்கள் நூலகத்துக்கு வருகிறார். 9 முதல் 12 வயது வரை 25 பிள்ளைகள், 2 மணி நேரம். அவர் பேசி, பிள்ளைகள் கைதட்டி, அதோடு முடிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். நேரத்தை எப்படிப் பிரிப்பது? "எனக்கு ஒண்ணும் தோணலை" என்று உட்காரும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? பிழை திருத்தலாமா? சின்னப் புத்தகம் மாதிரி ஏதாவது அங்கேயே செய்ய முடியுமா?

வாய்மொழி:
தாளையும் பென்சிலையும் தொடக்கத்திலேயே கொடுத்துவிடாதீர்கள். தாள் கைக்கு வந்ததும் தலைப்பு எழுதி, அடிக்கோடு போட்டு, ஓரத்தில் பூ வரைவார்கள். கால்மணி நேரம் அதிலேயே போகும். பிறகு "ஒரு ஊரில் ஒரு ராஜா" வந்து உட்கார்ந்துகொள்வார். கதை முதலில் வாயில் உருவாகட்டும்.

எழுத்தாளர் பேச 15 நிமிடம் போதும். அச்சான புத்தகத்தைவிட, அடித்துத் திருத்திய கைப்பிரதியை அவர் எடுத்து வந்தால் நல்லது. பெரியவர்களும் அடித்து அடித்துத்தான் எழுதுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும்.

அடுத்த 10 நிமிடம் கதைக்கு விதை. "என்ன கதை சொல்லப் போறே?" என்று கேட்டால் பதில் வராது, கேள்வி அவ்வளவு பெரியது. பதிலே ஒரு பொருளாகவோ இடமாகவோ இருக்கும்படி கேளுங்கள்: தொலைந்துபோய்க் கிடைக்காத பொருள் எது? ஒளிந்துகொள்ள உனக்கு மட்டும் தெரிந்த இடம் எது? "செய்யாதே" என்று சொல்லியும் செய்தது என்ன? தோணலை என்று சொல்லும் பிள்ளைக்கும் தொலைத்த ரப்பர் ஒன்று இருக்கும். அது என்ன நிறம், கடைசியாக எங்கே இருந்தது, யார் மேல் சந்தேகம் என்று மூன்று கேள்வி கேட்டால் கதை கிளம்பிவிடும்.

பிறகு 20 நிமிடம் சொல்லல். இருவர் இருவராக உட்காரட்டும், ஒரு ஜோடியில் மூன்றாவதாக ஒருவர் சேரலாம். ஒரே கதையை ஒவ்வொருவரும் மூன்று வெவ்வேறு ஆட்களிடம் சொல்லவேண்டும்: முதலில் 3 நிமிடம், அடுத்த ஆளிடம் 2, கடைசி ஆளிடம் 1. நேரம் குறையக் குறையத் தேவையில்லாதது தானாக உதிரும். மூன்றாம் முறை சொல்லும்போது முதலும் முடிவும் தெளிந்திருக்கும். கேட்பவர் யோசனை சொல்லக்கூடாது. கதை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், அதுவும் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புவதாக இருக்கவேண்டும்.

தாளைச் சின்னப் புத்தகமாக மடிக்க 10, எழுத 40, வாசிக்க 25 என்று வைத்தால் 120 நிமிடம் சரியாகிவிடும். வாசிப்பை மேடையில் வைத்தால் 25 பேர் முடிக்க முடியாது, கடைசியில் வருபவர்களுக்கு நேரமே இருக்காது. 5 பேர் கொண்ட 5 குழுக்கள் ஒரே நேரத்தில் வாசிக்கட்டும், தலைக்கு 4 நிமிடம்.

உருபு:
நினைவிலிருந்து சொல்லத் தயங்கும் பிள்ளைகளுக்கு இரட்டைச் சொல் முறை நன்றாக வேலை செய்யும். இத்தாலியச் சிறார் எழுத்தாளர் ஜானி ரொடாரி பரப்பியது. தொடர்பே இல்லாத இரண்டு பெயர்ச்சொற்களை எடுத்து, இடையில் உறவுச் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. தமிழில் இதற்கு வேற்றுமை உருபுகளே போதும். குடை, திமிங்கிலம் என்று வைத்துக்கொள்வோம். குடையை விழுங்கிய திமிங்கிலம். குடையால் கடலைக் கடந்த திமிங்கிலம். திமிங்கிலத்துக்கு ஒரு குடை. குடைக்குள் திமிங்கிலம். உருபு மாறும்போதெல்லாம் வேறொரு கதை. எந்த வரியைக் கேட்டுப் பிள்ளை சிரிக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடங்களில் இது சறுக்கும். சொற்கள் நெருக்கமாக இருந்தால் (பேனா, நோட்டு) கதை பிறக்காது. அதனால் முதல் சொல்லைப் பார்க்காத இன்னொரு பிள்ளை இரண்டாவதைச் சொல்லட்டும். "மகிழ்ச்சி", "அன்பு" போன்ற சொற்கள் வந்தால் ஒதுக்கிவிடுங்கள். கையால் தொடக்கூடிய பொருளோ உயிரோ வேண்டும்.

நூலகத்திண்ணை:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். வீடியோ கேம் நாயகனையே கதையில் கொண்டுவரும் பிள்ளைகளைத் தடுக்கலாமா? "கடைசியில் எல்லாம் கனவு" என்று முடிப்பவர்களை என்ன செய்வது?

வாய்மொழி:
நாயகனைத் தடுக்கவேண்டாம், அவன் ஆயுதத்தை மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள். "இன்னைக்கு அவனோட சக்தி வேலை செய்யலை, உன் வகுப்புல உன் பக்கத்துல வந்து உட்கார்றான். என்ன ஆகும்?" இதற்கு விடை கேமில் கிடையாது, பிள்ளைதான் உண்டாக்கவேண்டும்.

கனவு முடிவுக்குப் பெரும்பாலும் காரணம் நேரம் தீர்ந்துபோவதுதான். எழுதத் தொடங்கும் முன்பே கடைசிப் பக்கத்துப் படத்தை வரையச் சொல்லுங்கள். போய்ச் சேரும் இடம் தெரிந்துவிட்டால் நடுவில் அலைச்சல் குறையும். "இக்கதையின் நீதி" என்ற வரியும் பழக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். அது கட்டாயமில்லை என்று எழுத்தாளரே சொன்னால் பிள்ளைகள் நம்புவார்கள்.

தாள்மடிப்பு:
புத்தகத்துக்கு ஒரே ஒரு ஏ4 தாள் போதும். பசை, பின் எதுவும் வேண்டாம். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) சாதாரணத் தாளே நல்லது, தடித்த தாள் மடிப்பில் விறைத்துக்கொண்டு விரியும்.

தாளைப் படுக்கையாக வையுங்கள். நீளவாக்கில் பாதியாக மடித்து விரியுங்கள். பிறகு குறுக்கே பாதியாக மடித்து விரித்து, இரு ஓரங்களையும் நடுக்கோடு வரை மடித்து விரியுங்கள். இப்போது ஏறத்தாழ 74 × 105 மில்லிமீட்டரில் 8 கட்டங்கள் தெரியும். மறுபடி குறுக்கே பாதியாக மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நீளவாக்கு மடிப்புக் கோட்டின் வழியே அடுத்த குறுக்கு மடிப்புவரை மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் பிளவு விரிந்து கூட்டல் குறிபோல் நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் 8 பக்கப் புத்தகம். முன் அட்டை, பின் அட்டை போகக் கதைக்கு 6 பக்கம்.

அடிக்கடி நடக்கும் தவறு, மடிந்த பக்கத்துக்குப் பதிலாகத் திறந்த பக்கத்திலிருந்து வெட்டிவிடுவது. அப்போது ஓரங்கள் பிளந்து நடு ஒட்டியிருக்கும், புத்தகம் நிற்காது. தாளை எறியவேண்டாம். பிளந்ததை டேப் போட்டு ஒட்டி, சரியான பக்கத்தில் வெட்டினால் போதும். இன்னொன்று: மடித்து முடித்த பிறகே பென்சிலால் 1 முதல் 8 வரை எண் போடச் சொல்லுங்கள். விரித்த தாளில் ஒரு வரிசை தலைகீழாக இருக்கும். எண் இல்லாமல் எழுதினால் பாதிக் கதை கவிழ்ந்துவிடும்.

எட்டுப் பக்கமும் தாளின் ஒரே முகத்தில் இருப்பதால், விரித்து வைத்து ஒரு ஜெராக்ஸ் எடுத்தாலே நூலகத்துக்கு ஒரு படி கிடைக்கும். அதற்காக ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டு, கறுப்புப் பேனாவில் எழுதச் சொல்லுங்கள். பென்சில் கோடு படியில் மங்கும்.

பக்கத்துக்கு 15 சொல் என்று கணக்கு வையுங்கள். கதை பெரிதானால் 3 ஏ4 தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 12 பக்கம் வரும். மடிப்பில் 3 துளை போட்டு நூலால் தைக்கலாம். நூல் 50 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கட்டும். உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல்துளை வழியே உள்ளே, கீழ்த்துளை வழியே வெளியே, மறுபடி நடுத்துளை வழியே உள்ளே. நூலின் இரு முனைகளும் உள்ளே ஓடும் நீளத் தையலுக்கு இரு புறமும் இருக்கும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள்.

ஒற்று:
பிழை திருத்தம் பற்றி யாரும் சொல்லவில்லை. அன்றைக்குத் திருத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ல, ள, ழ குழப்பத்தையும் விடுபட்ட ஒற்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டால், பிள்ளை அடுத்த வரியில் தனக்குத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதும். "கிழவி குழம்பினாள்" என்று எழுத நினைத்தது "பாட்டி நின்றாள்" என்று சுருங்கிவிடும்.

பேச்சுத் தமிழையும் விட்டுவிடுங்கள். "வந்துச்சு" என்று சொன்ன பிள்ளையை "வந்தது" என்று எழுதச் சொன்னால் அதன் குரலே மாறிப்போகும். எழுதத் திணறும் பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் எழுதிக்கொடுக்கலாம். பிள்ளை சொன்ன சொல்லையே எழுதவேண்டும். எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னால் பிள்ளை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முடிந்ததும் விரல் வைத்து வாசித்துக்காட்டி, "இதுதானே சொன்னே?" என்று கேளுங்கள். மாற்றம் சொன்னால் அடித்து எழுதுங்கள்.

பிழை பார்க்க விரும்பினால் ஒரு வாரம் கழித்து, பிள்ளையின் அனுமதியோடு, படியில் பாருங்கள். மூலத்தில் வேண்டாம்.

சில பிள்ளைகள் வீட்டில் பட்ட துன்பத்தை எழுதிவிடுவார்கள். அதனால் வாசிப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யட்டும். அப்படி ஒரு கதை கண்ணில் பட்டால் கூட்டத்தில் பேசாதீர்கள். தனியே கேளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உதவவேண்டுமானால் இன்னொருவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கும். குழந்தைப் பாதுகாப்புக்கு உங்கள் நூலகத்தில் யார் பொறுப்பு என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே எழுத்தாளரிடமும் தன்னார்வலர்களிடமும் சொல்லி வையுங்கள்.