பெரியப்பா சேர்த்த பழைய பண்ணை இயந்திரங்களை யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி

வணக்கம். என் பெரியப்பா வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்த்த பண்ணை இயந்திரங்களை அவரால் இனிப் பராமரிக்க முடியவில்லை. அவை நிற்கும் கொட்டகையையும் விரைவில் காலி செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு லான்ஸ் புல்டாக் டிராக்டர், ஒரு ஃபோர்ட்சன் எஃப் டிராக்டர், ஒரு லிஸ்டர் டி வகை பெட்ரோல் என்ஜின், மரத்தாலான பெரிய கதிரடிக்கும் இயந்திரம், கையால் சுற்றும் தூற்றும் இயந்திரம், எதற்குரியவை என்றே தெரியாத உதிரிப் பாகங்கள் நிறைந்த பெட்டிகள் ஆகியவை இருக்கின்றன. புல்டாக்கும் லிஸ்டரும் ஓடுகின்றன. ஃபோர்ட்சனின் பிஸ்டன்கள் இறுகிவிட்டன. மொத்தத்தையும் எடை போட்டு எடுத்துக்கொள்ள ஒரு பழைய இரும்பு வியாபாரி தயாராக இருக்கிறார். பெரியப்பாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை, எனக்கும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுப்பதா அல்லது பிரித்துக் கொடுப்பதா, வாங்க வருபவரின் நோக்கத்தை எப்படி அறிவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

ஆள் தேடும் முன் ஒவ்வோர் இயந்திரமும் இன்னது என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஃபோர்ட்சன் எஃப் 1917 முதல் லட்சக்கணக்கில் தயாரான வண்டி. ஆகவே பழமை மட்டும் அதை அரிய பொருளாக்கிவிடாது. தொடக்க காலத்து வண்டியா, பிந்தையதா என்பதை என்ஜின் பிளாக்கில் பொறித்துள்ள வரிசை எண்தான் சொல்லும். 1926-இல் வெளிவரத் தொடங்கிய லிஸ்டர் டி என்ஜினும் இன்றைக்குப் பலரிடம் இருப்பதால் அதற்கு ஆள் கிடைப்பது கடினமில்லை. உங்கள் பட்டியலில் என் மனத்தை மிகவும் உறுத்துவது மரக் கதிரடிக்கும் இயந்திரம்தான். அறுவடையும் கதிரடிப்பும் ஒரே வண்டியில் நடக்கத் தொடங்கியதும் வேலையிழந்த இவ்வகை இயந்திரங்கள், இடத்தை அடைத்துக்கொள்வதாலும் மரம் உளுத்துப்போவதாலும் டிராக்டர்களைவிட வேகமாக அழிந்துவருகின்றன. விளம்பரம் செய்தால் புல்டாக்கை அன்றைக்கே கேட்பார்கள், இதை ஒருவரும் கேட்கமாட்டார்கள். எனவே முதலில் இதற்கு இடம் பாருங்கள். கொட்டகை இன்னும் உங்கள் கையில் இருக்கும்போதுதான் பொறுமையாகத் தேட முடியும்.

அதன் பக்கப் பலகைகளில் தயாரிப்பாளரின் பெயர் மங்கலாக எழுதப்பட்டிருக்கலாம். சாய்வாக ஒளி விழும்படி விளக்கைப் பிடித்துப் படமெடுங்கள், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் படத்தில் தெரியக்கூடும். பிரித்தானியத் தயாரிப்பாக இருந்தால், ரெடிங் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலேய கிராமப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில் ஃபௌலர், ரான்சம்ஸ் போன்ற நிறுவனங்களின் ஆவணங்கள் இருக்கின்றன. அங்கே எழுதிக் கேட்கலாம். அமெரிக்கத் தயாரிப்புகளான மெக்கார்மிக், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் இயந்திரங்களின் ஆவணங்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்திடம் உள்ளன.

நல்ல விலை கிடைக்கும் என்று எண்ணிப் புதிய வண்ணம் பூசிவிடாதீர்கள். எஞ்சியிருக்கும் பழைய வண்ணமும் எழுத்தும் ஒருமுறை போனால் போனதுதான். பித்தளைத் தகடுகளைத் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். தகட்டை மட்டும் திருடி வேறு வண்டியில் பொருத்துபவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பிரித்துக் கொடுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. ஆனால் உதிரிப் பெட்டிகளைத் தனியாக விற்றுவிடாதீர்கள். அவற்றில் இருக்கக்கூடிய மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி), கார்புரேட்டர் போன்றவை பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் வண்டியினுடையவையாகவே இருக்கும். பெரியப்பாவை உட்காரவைத்து, ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சீட்டைக் கட்டிவிடுங்கள்.

அருங்காட்சியகங்களைப் பொறுத்தவரை, அவர்களிடம் அதே வகை ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடுவார்கள். ஏற்றுக்கொண்டாலும் இயந்திரம் கிடங்கிலேயே இருக்கக்கூடும், பிற்காலத்தில் சேகரிப்பிலிருந்து நீக்கப்படவும் கூடும். காட்சிக்கு வைப்பார்களா, ஓட்டுவார்களா, நீக்க நேர்ந்தால் உங்கள் குடும்பத்துக்கு முதலில் தெரிவிப்பார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். நிபந்தனைகளை அடுக்கினால் பெரும்பாலான அமைப்புகள் பின்வாங்கிவிடும்; எனவே, கைவிடும் முன் எங்களிடம் சொல்ல வேண்டும் என்ற ஒன்றை மட்டும் வற்புறுத்துவதே நடைமுறைக்கு ஒத்தது என்று கருதுகிறேன்.

தனி மனிதர் வந்தால், அவரிடம் இப்போது இருக்கும் இயந்திரங்களைக் காட்டச் சொல்லுங்கள். கூரைக்கடியில் நிற்கின்றனவா, எத்தனை உண்மையில் ஓடுகின்றன என்பதை நேரில் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஃபோர்ட்சனின் இறுகிய பிஸ்டன்களைப் பற்றி அவரிடம் பேச்சுக்கொடுங்கள். எண்ணெய் ஊற்றி வாரக்கணக்கில் ஊறவைத்து மெல்ல அசைக்க வேண்டும் என்று சொல்பவர் வேலை தெரிந்தவர். வண்டியைக் கட்டி இழுத்தால் பிஸ்டன் இளகிவிடும் என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கதிரடிக்கும் இயந்திரத்துக்கே முதலில் இடம் பார்க்கிறோம். புல்டாக்கைக் கேட்டு இப்போதே இருவர் தொடர்புகொண்டுள்ளனர். ஒருவர் கூடுதல் விலை சொல்கிறார், ஆனால் இவ்வகை வண்டியை ஓட்டியதில்லை. மற்றவர் ஓட்டத் தெரிந்தவர், குறைந்த விலைக்குக் கேட்கிறார். பெரியப்பா இரண்டாமவரையே விரும்புகிறார்.

மூன்றாம் மறுமொழி

பெரியப்பா சொல்வதுதான் சரி. புல்டாக்கைக் கிளப்புவது ஒரு தனி வித்தை. சிலிண்டர் தலையிலுள்ள குமிழை ஊதுவிளக்கால் நன்றாகச் சூடேற்றி, ஸ்டீயரிங்கை அதன் தண்டோடு கழற்றி ஃப்ளைவீலில் (என்ஜினின் கனமான சுழல்சக்கரத்தில்) செருகி, முன்னும் பின்னும் ஆட்டிக் கிளப்ப வேண்டும். இரு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) என்ஜின் ஆதலால் அது எதிர்த்திசையிலும் சுழலத் தொடங்கலாம். கவனிக்காமல் கிளட்சை விட்டால், முன்னோக்கிச் செல்ல வேண்டிய வண்டி பின்னோக்கிப் பாயும். தெரியாதவர் கையில் வண்டியும் கெடும், ஆளுக்கும் ஆபத்து. முதலாமவர்தான் வாங்குகிறார் என்றால், வண்டியை எடுத்துச்செல்லும் முன் சில நாள்கள் வந்து கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். யார் வாங்கினாலும், பெரியப்பா அதைக் கிளப்புவதை முழுமையாகக் காணொளியாக எடுத்து வண்டியோடு கொடுங்கள். எவ்வளவு நேரம் சூடேற்றுகிறார், எந்த ஒலியைக் கேட்டு எரிபொருளைக் குறைக்கிறார் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் அவர் சொல்வதுபோல் இருக்காது.

பழைய கேஸ்கெட்டுகளிலும் பிரேக், கிளட்ச் லைனிங்குகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அவற்றைச் சுரண்டவோ காற்றடித்துத் துடைக்கவோ வேண்டாம், வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள். கதிரடிக்கும் இயந்திரத்தை அதன் சொந்தச் சக்கரங்களில் சாலையில் இழுத்துச்செல்ல விடாதீர்கள், காய்ந்து சுருங்கிய மரச் சக்கரம் வழியிலேயே பிரிந்துவிடும். உயரத்தை அளந்து, தாழ்வான தளமுள்ள லாரியில் ஏற்ற வேண்டும். நாடு கடந்து போவதானால், உள்ளே சிக்கியிருக்கும் பழைய தானியத்தையும் மண்ணையும் முழுமையாக அகற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.